கறுப்புப் பூஞ்சையும் நம் வெள்ளை அணுக்களும்

2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயர் இந்தியா முழுவதும் அச்சத்தைப் பரப்பியது. கொரோனாவிலிருந்து தேறி வந்தவர்களில் பலர் கண்ணையோ மேல்தாடையையோ இழந்தனர். சிலர் உயிரையே இழந்தனர். அந்த மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, இதைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

மியூக்கார்மைக்கோசிஸ் என்பது இதன் மருத்துவப் பெயர். இதை உண்டாக்கும் பூஞ்சைகள் புதியவை அல்ல. மண்ணிலும் மக்கிய இலைகளிலும் ஊசிப்போன ரொட்டியிலும் வளர்பவைதான். இவற்றின் நுண்ணிய வித்துகளை நாம் அன்றாடம் சுவாசிக்கிறோம். அப்படியிருந்தும் நமக்கு நோய் வராமல் இருப்பது ஏன்?

இரண்டு அடுக்குக் காவல்

நுரையீரலுக்குள் நுழையும் வித்துகளை முதலில் எதிர்கொள்பவை 'மேக்ரோஃபேஜ்' எனும் அணுக்கள். இவை வித்துகளை விழுங்கி, முளைக்க விடாமல் அடக்கி வைக்கின்றன. தப்பிய வித்து முளைத்துவிட்டால் நூல் நூலாக நீண்டு வளரும். அவ்வளவு பெரிய இழையை ஓர் அணுவால் விழுங்க முடியாது. அப்போது இரத்தத்திலிருந்து 'நியூட்ரோஃபில்' எனும் வெள்ளை அணுக்கள் திரண்டு வந்து இழைகளைச் சூழ்ந்து, நச்சு வேதிப்பொருட்களைச் சுரந்து அழிக்கின்றன.

காவல் எப்படித் தளர்கிறது?

சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறும்போது இந்த வெள்ளை அணுக்களின் வேகமும் கொல்லும் திறனும் குறைகின்றன. நிலை முற்றி இரத்தத்தில் அமிலத்தன்மை கூடினால், புரதத்தோடு பிணைந்திருந்த இரும்புச்சத்து விடுபடுகிறது. பூஞ்சைக்கு அது நல்ல தீனி. இரத்தக் குழாயின் உட்சுவரில் பூஞ்சை பற்றிக்கொள்ளும் ஒரு வகைப் புரதமும் அப்போது அதிகரிக்கிறது.

பூஞ்சை குழாய்க்குள் புகுந்ததும் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதற்கு அப்பால் உள்ள தசை இரத்தமின்றிச் செத்துக் கறுத்துப்போகிறது. நாம் காணும் கறுப்பு இதுதான். பூஞ்சையின் நிறம் அல்ல. அடைபட்ட குழாய் வழியே வெள்ளை அணுவும் போக முடியாது, மருந்தும் போக முடியாது. அதனால்தான் ஆம்போடெரிசின்-பி மருந்தோடு, செத்த பகுதியை அறுவை செய்து அகற்றவும் வேண்டியிருக்கிறது.

ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகள் பலரின் உயிரைக் காத்தது ஸ்டீராய்டு. ஆனால் அது சர்க்கரையை ஏற்றும், மேக்ரோஃபேஜையும் மந்தமாக்கும். தேவையில்லாதவர்களும், அளவுக்கு மீறியும் அதை எடுத்துக்கொண்டபோது இரண்டு காவலும் ஒருசேரத் தளர்ந்தன.

நாம் கவனிக்க வேண்டியவை

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்க வேண்டியதில்லை. கொரோனா ஓய்ந்தாலும் நோய் ஓய்ந்துவிடவில்லை. சர்க்கரை கட்டுப்படாதவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

முகத்தின் ஒரு பக்கம் வலி அல்லது வீக்கம், மூக்கிலிருந்து கறுத்த அல்லது இரத்தம் கலந்த சளி, அண்ணத்தில் கறுப்புத் திட்டு, பல் ஆட்டம், பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு நாள் தாமதமும் கண்ணைப் பறிக்கலாம்.

பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். நெடுநாளாக எடுத்து வருபவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் தந்திருந்தால், அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பரிசோதியுங்கள். பூஞ்சையைக் காற்றிலிருந்து நம்மால் அகற்ற முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியும்.