பட்டம் வாங்குதல்

'பட்டம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். டகரம் இரட்டித்து, தட்டிப் பரப்பிய தகடு போலவே ஒலிக்கும். ஆள்வோர் நெற்றியில் கட்டிய பொற்றகடுதான் பட்டம். அதனாலேயே 'பட்டம் கட்டினார்கள்' என்றோம், அதை அணிந்த யானை பட்டத்து யானை, அரசி பட்டத்தரசி. தகடு மறைந்து அது குறித்த தகுதி மட்டும் நின்றபோது, பட்டத்தைச் 'சூட்டினோம்'. பல்கலைக்கழகங்கள் வந்தபின் 'பெற்றோம்', வடமொழித் 'தாரி'யை ஒட்டிப் பட்டதாரிகளானோம். பேச்சில் இன்று 'பட்டம் வாங்கினாள்' என்கிறோம்.

பட்டம் என்னும் சொல்லின் முன்னே இன்று வந்து நிற்கும் 'போலி', 'போல்' என்னும் அடியில் பிறந்தது. இலக்கணத்தில் அது எத்தனை நேர்மையான சொல்! மயல் மையலானாலும் நிலம் நிலனானாலும் எழுத்துத்தான் மாறும், பொருள் அசையாது. போலிப் பட்டத்திலோ எழுத்தும் முத்திரையும் இருக்க, பொருள் போய்விடுகிறது. பாகிஸ்தானின் ஆக்சாக்ட் நிறுவனம் நடத்திய பட்ட வணிகத்தை 2015-இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தபோது தெரியவந்த போலிப் பல்கலைக்கழகப் பெயர்களைக் கேளுங்கள்: பெர்க்லியை ஒத்த 'பார்க்லி', கொலம்பியாவின் வாலில் 'னா' ஒட்டிய 'கொலம்பியானா'. முதலெழுத்துத் திரிந்ததால் பார்க்லி முதற்போலி போலத் தோன்றும். ஆனால் மையலுக்குள் மயல் இருக்கிறது, பார்க்லிக்குள் பெர்க்லி இல்லை.

இந்தியாவில் இத்தகைய பெயர்களுக்கு எதிராகச் சட்டமே காவல். 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு பட்டம் வழங்க உரியோர் யார் என்று வரையறுக்கிறது. சட்டத்தால் நிறுவப்படாத எந்த அமைப்பும் தன் பெயரோடு 'யூனிவர்சிட்டி' என்ற சொல்லைச் சேர்க்கவே கூடாது என்கிறது 23-ஆம் பிரிவு. ஆகவே ஒரு சான்றிதழ் கைக்கு வந்தால், அதன் பொன்னிற முத்திரையில் மயங்குமுன், இந்தப் பெயரை அளித்த சட்டம் எது என்று கேளுங்கள்; மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிஞ்சுவது 'வாங்கு'. பழந்தமிழில் வாங்குதல் வளைத்தலும் இழுத்தலும் ஆகும். வில்லை வாங்குவதென்றால் தோள்வலிக்க வளைப்பது. பெறுவதும் விலைக்குக் கொள்வதும் அச்சொல்லுக்குப் பின்னர் விரிந்த பொருள்கள். மூன்றாண்டு விழித்திருந்து படித்துப் பட்டம் வாங்கும் பெண், அந்தப் பழைய பொருளிலேயே வாங்குகிறாள். காசு கொடுத்தவன் கையிலும் வில் இருக்கிறது. அதை அவன் வளைத்ததே இல்லை.