தும்பறையிலிருந்து ஹாவார்ட் வரை

மாத்தளையில் ரயிலேறிக் கண்டிக்குப் போகிறவர்கள் உக்குவளையைக் கடந்து சிறிது நேரத்தில் வத்துகாமத்தை அடைகிறார்கள். தோட்டங்களின் விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டு செல்லும் நோக்கத்தோடு 1880 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை இது. வழியில் தோன்றும் காட்சி நமக்குப் பழகிப்போனது. பள்ளத்திலே வயல், வயலையடுத்துப் பலாவும் கமுகும் மிளகுக் கொடியும் சூழ்ந்த வீடுகள், அவற்றுக்கு மேலே தேயிலை, தேயிலையின் நடுவே தகரக் கூரையிட்ட லயங்கள். கீழே உள்ளவர்கள் ஒரு மொழி பேசுகிறார்கள். மேலே உள்ளவர்கள் வேறொரு மொழி பேசுகிறார்கள். இரு சாராரும் ஒரே கடைவீதியில் அரிசி வாங்குகிறார்கள். இவர்கள் எவ்வாறு இப்படி அடுத்தடுத்து வந்தமர்ந்தார்கள், யாருக்கு எவ்வளவு நிலமுண்டு, யார் யாரோடு கொண்டு கொடுக்கிறார்கள் என்று சன்னலோரத்தில் இருந்தபடி நாம் எவரும் கேட்பதில்லை. அதற்குள் கண்டி வந்துவிடுகிறது.

கேட்டவர்கள் உண்டு. வத்துகாமத்தைச் சூழ்ந்த பிரதேசத்திற்குப் பாத்ததும்பறை என்று பெயர். 1950களின் நடுப்பகுதியில் இலங்கைப் பல்கலைக்கழகத்தார் அப்பிரதேசத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். அதன் அறிக்கை 1957 இல் வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர்: ஒருவர் சர்க்கார் என்னும் பொருளியலறிஞர், மற்றவர் ஸ்ரான்லி ஜெயராஜ தம்பையா என்னும் இளம் விரிவுரையாளர். அறிக்கைக்கு அவர்கள் இட்ட பெயரே அதன் முடிவைச் சொல்லிவிடுகிறது: 'சிதைந்துவரும் கிராமம்'. கண்டிச் சீமையின் கிராமம் தன்னிறைவுடையது, அங்கே உழவன் தன் வயலில் உழுது தன் சோற்றை உண்கிறான் என்று பலரும் எழுதி வந்த காலம் அது. இவர்களோ வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். வயலில்லாத குடும்பங்களும், பிறர் வயலை அந்தேக்கு எடுத்து விளைவிற் பாதியைக் கொடுக்கும் குடும்பங்களும், துண்டு துண்டாகப் பிரிந்துபோன காணிகளுமே அவர்கள் கண்ட கிராமம்.

இந்தத் தம்பையா யார்? 1929 ஆம் ஆண்டில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அங்கிலிக்கன் மிஷன் கல்லூரியான பரி. தோமாவிற் பயின்றவர், 1951 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, அமெரிக்காவிலுள்ள கோர்ணெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1954 இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பின்னர் கேம்பிரிட்ஜிலும் சிக்காகோவிலும் ஹாவார்டிலும் ஆசிரியராக விளங்கினார். நம் நாட்டுத் தமிழர் ஒருவர் சமூகவியலிலும் மானிடவியலிலும் இவ்வளவு உயரம் சென்றார் என்று பெருமை பேசுவது எளிது. நமது கூட்டங்களில் அப்படித்தான் பேசுகிறோம். அவர் போன வழியையும், போக நேர்ந்த காரணத்தையும் சற்று நின்று பார்ப்பதே என் விருப்பம்.

கடல் கடந்து கற்பதென்றால் எல்லாத் தேசங்களிலும் ஒரே பாடத்தைக் கற்பது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். சமூகவியலைப் பொறுத்தவரை அது சரியன்று. அமெரிக்கர் கற்பித்தது ஒன்று. ஆங்கிலேயர் கற்பித்தது மற்றொன்று.

அமெரிக்க முறைக்கு நமக்கு அறிமுகமான உதாரணம் பிரைஸ் ரயன். நமது பல்கலைக்கழகத்திற் சமூகவியலுக்கு அத்திவாரமிட்டவர்களுள் முதல்வர் இவரே. இலங்கைக்கு வருமுன் இவர் ஐயோவா மாநிலத்திலே சோள விவசாயிகளை ஆராய்ந்தவர். புதிய கலப்பின விதை ஒன்று வந்திருந்தது. அதை எந்த விவசாயி எந்த ஆண்டில், யார் சொல்லிக் கேட்டு விதைத்தான் என்பதே கேள்வி. ரயனும் நீல் குரோஸ் என்பவரும் 259 விவசாயிகளை விசாரித்து 1943 இல் முடிவை வெளியிட்டனர். விதையைப் பற்றிய செய்தியைப் பெரும்பாலும் முதலிற் கொண்டுவந்தவன் விற்பனையாளன். ஆனால் விதைக்கத் துணிவு தந்தவன் அயல்வீட்டு விவசாயி. இன்று உலகெங்கும் பாடப் புத்தகங்களில் இடம்பெறும் ஆய்வு இது. வினாப்பத்திரம், எண்ணிக்கை, அட்டவணை இவற்றைக் கொண்டு சமூகத்தை அளக்கலாம் என்ற நம்பிக்கை அதிலே தெரிகிறது. அந்த நம்பிக்கையோடு இலங்கைக்கு வந்த ரயன், சிங்களச் சாதியமைப்பைப் பற்றிய தமது பெருநூலை 1953 இல் வெளியிட்டார். குடும்பத்தைப் பற்றிய எண்ணங்கள் இலங்கையில் எவ்வாறு மாறி வருகின்றன என்று தம்பையாவும் ரயனும் சேர்ந்தெழுதிய கட்டுரையொன்று 1957 இல் அமெரிக்கச் சமூகவியற் சஞ்சிகையில் வெளிவந்தது.

ஆங்கிலேய முறைக்கு உதாரணம் எட்மண்ட் லீச். பொறியியல் படித்துப் பின்பு மானிடவியலுக்கு வந்த இவர், 1954 இல் நுவரகலாவியாவிலுள்ள புல் எலிய என்னுஞ் சின்னஞ்சிறு குளக்கிராமத்திற் போய்த் தங்கினார். ஒரே கிராமம், ஆனால் ஒவ்வொரு வயற்றுண்டும் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பின்சென்று பார்த்தார். உறவு முறை என்று மக்கள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் நிலத்தையும் நீரையும் பற்றிய பேச்சே என்று 1961 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நம் ஊரில் மாமன் மச்சான் வழக்குகளைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

தம்பையா இரு முறைகளையும் தம்முட் கொண்டவர். கணக்கெடுக்கவும் தெரியும், கணக்குக்குள் அடங்காததைக் காதுகொடுத்துக் கேட்கவும் தெரியும். கோர்ணெலிற் கற்று 1955 இல் திரும்பி வந்து நமது பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். இவர் இங்கேயே இருந்திருந்தால், தும்பறை மலையை ஏறி இறங்கி நமது மாத்தளைப் பக்கமும் வந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

இருக்கவில்லை. 1956 ஆம் ஆண்டு யூன் மாதம் சிங்களத்தை மாத்திரம் அரச கருமமொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அப்பொழுது தம்பையா மாணவர்களுடன் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்திலே ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். குடியேறிய விவசாயிகளின் நிலைமையை அறிவதே அவர்கள் சென்ற நோக்கம். தமிழர் ஒரு சிங்களப் பெண்ணை மானபங்கப்படுத்திவிட்டார்கள் என்ற பொய்ச் செய்தி பரவியது. கலவரம் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடுகிறார்கள். சமூகத்தை ஆராயச் சென்ற ஆசிரியர் தமது இனத்தின் காரணமாகத் தாமே அபாயத்துள் அகப்பட்டார். சொந்த நாட்டிலே, சிங்களக் கிராமத்துக்குள் கொப்பியும் கையுமாகச் செல்லத் தமிழன் ஒருவனால் இனி இயலுமா என்ற கேள்வி அன்றைக்கு அவர்முன் எழுந்தது. அந்த நாட்களின் பாதிப்பைப் பின்னர் அவரே எழுதியுமிருக்கிறார். 1958 இல் கலவரம் மீண்டும் வந்தது. 1960 இல் அவர் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் பணியேற்றுத் தாய்லாந்துக்குச் சென்றார். 1963 முதல் சுமார் பத்தாண்டுகள் கேம்பிரிட்ஜ். 1973 முதல் சிக்காகோ. 1976 முதல் ஹாவார்ட். 2001 இல் ஓய்வு. 2014 சனவரியில் மரணம்.

தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமமொன்றிலே பௌத்தமும் தேவதை வழிபாடும் இணைந்து நடப்பதைப் பற்றி அவர் 1970 இல் எழுதிய நூலே அவருக்கு உலகப் புகழைத் தந்தது. புத்த சங்கத்துக்கும் அரசாட்சிக்குமுள்ள தொடர்பைப் பற்றி 1976 இல் இன்னொரு பெருநூல் வந்தது. மிஷன் பள்ளியிற் படித்த கிறிஸ்தவத் தமிழர் ஒருவர் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைப் பௌத்தத்தை விளங்கிக்கொள்வதிலே செலவிட்டார். யானும் மிஷன் பள்ளி மாணவன்தான். காலையிலே வேதப்பாடம், மாலையிலே கோயில் என்று வளர்ந்தவன். ஆதலால் இது எனக்கு வியப்பைத் தரவில்லை. பிறர் சமயத்தின் வாசலில் நின்று பழகியவனுக்குக் கண் சற்றுக் கூர்மையாகிவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. பேராதனையில் ஆங்கிலம் படித்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்றுக் கலாநிதியாகி, பேராதனையிலும் பின்னர் அமெரிக்காவிலும் கற்பித்து 2025 இல் மறைந்த கணநாத் ஒபயசேகர சிங்களவர். அவர் 1984 இல் எழுதிய பெருநூல் பத்தினித் தெய்வத்தைப் பற்றியது. பத்தினி நம்முடைய கண்ணகியே. மாசிமகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் பஞ்சரதத்தில் எழுந்தருளும்போது, வீதியோரத்திற் கைகூப்பி நிற்கும் சிங்களத் தாய்மாரை நாம் காண்கிறோம். அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு அந்நூலிலே விடை தேடலாம்.

தம்பையாவை மீண்டும் இலங்கையின் பக்கம் திருப்பியதும் ஒரு கலவரமே. 1983 யூலைத் தீ கொழும்போடு நிற்கவில்லை. கண்டிக்கும் வந்தது, மாத்தளைக்கும் வந்தது. அதை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். யான் மீண்டுஞ் சொல்ல வேண்டியதில்லை. 1986 இல் அவர் இலங்கையின் இனப்போரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆராய்ச்சியாளனின் விலகிய நிலையில் நின்று எழுதவில்லை, ஈடுபாட்டுடனேயே எழுதுகிறேன் என்று அதிலே ஒப்புக்கொண்டார். 1992 இல் எழுதிய மற்றொரு நூல் இந்நாட்டிற் பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. என் மனத்தைத் தொட்டது 1996 இல் வந்த நூல். தென்னாசியக் கலவரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவை எவ்வாறு வளர்கின்றன என்று அதிலே காட்டுகிறார். ஒரு சந்தியில் இருவருக்கிடையே சச்சரவு. அதற்கென்று ஓர் இடமுண்டு, ஆட்களுண்டு, காரணமுண்டு. செய்தி பரவப் பரவ இடம் மறைகிறது, ஆள் மறைகிறான், காரணமும் மறைகிறது. எஞ்சுவது 'அவர்கள்', 'நாங்கள்' என்ற இரண்டு சொற்களே. பெரிய வழக்கு இவ்வாறு உருவாகிய பின், அது மறுபடியும் கீழிறங்கி வேறோர் ஊரிலே, அயலவரின் கடைமேற் பழைய பொறாமை கொண்டவனுக்குத் தீப்பந்தம் கொடுக்கிறது. கல்லோயாவிலே கண்டதை விளங்கிக்கொள்ள அவருக்கு நாற்பதாண்டு சென்றது. 1997 இல் பல்சான் பரிசும் 1998 இல் புக்குவோக்கா பரிசும் அவரைத் தேடி வந்தன.

இனி நம் கதைக்கு வருகிறேன். பாத்ததும்பறை ஆய்வு கிராமத்தைப் பற்றியது. மேலே இருந்த லயங்களைப் பற்றியதன்று. ரயனின் நூல் சிங்களச் சாதியமைப்பைப் பற்றியது. லீச்சின் நூல் புல் எலியவைப் பற்றியது. அந்த முதல் தலைமுறையினர் கண்ட இலங்கையிலே தோட்டம் என்பது கிராமத்தை நெருக்கும் ஒரு வேலியாகவே தோன்றுகிறது. வேலிக்குள் குடியிருப்போர் தோன்றுவதில்லை. அவர்களோ மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வழிவந்தோர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டு, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தாற் பங்கிடப்பட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. இத்தனை எண்ணிக்கைகள் இருந்தன. அவ்வெண்களுக்குள் இருந்த குடும்பங்களைப் பற்றிய சமூகவியல் நூல்தான் வெகுகாலம் இருக்கவில்லை.

எழுதியவர்கள் பிற்பாடு வந்தார்கள். மூன்று தேயிலைத் தோட்டங்களிற் சாதி நிலைத்திருக்கும் விதத்தை ஆராய்ந்த ஜெயராமனின் நூல் 1975 இல் இந்தியாவில் வெளியாயிற்று. நோர்வேயிலிருந்து வந்த ஒட்வார் ஹொலப் 1994 இல் எழுதினார். அமெரிக்காவிலிருந்து வந்த மைத்திரி ஜெகதீசனின் நூல் 2019 இல் வெளிவந்தது. வலன்ரைன் டானியல் என்பவரைத் தனியே சொல்லவேண்டும். இலங்கையராகிய இவர் சிக்காகோவிற் கற்றவர். 1983 இலே தோட்டத்துப் பெண்களின் நாட்டுப்பாடல்களைத் திரட்ட வந்தார். அவர் கேட்க நேர்ந்ததோ கலவரத்துக்குத் தப்பியவர்களின் வாக்குமூலங்கள். பாட்டுக்காகத் திறந்த ஏட்டிலே வேறு செய்தி ஏறியது. அது 1996 இல் நூலாயிற்று. தம்பையாவுக்குக் கல்லோயாவில் நேர்ந்தது இவருக்கும் நேர்ந்ததைக் கவனியுங்கள்.

இவையெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை. ஆங்கிலம் அறிந்த நம்மவர் சிலரே இவற்றைத் தொட்டிருப்பர். பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் கற்றுத் திரும்பிய கைலாசபதியும் சிவத்தம்பியும் தாம் கற்ற சமூக நோக்கைத் தமிழிலே தந்தார்கள். அதனாற்றான் இலக்கியத்தைச் சமூகத்தோடு வைத்துப் படிக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிற்று. தோட்டத்தைப் பற்றி அவ்வாறு தமிழிலே தந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1970 இல் ஆங்கிலத்திலே தோட்ட வாழ்வைச் சித்திரித்த அவர், மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி 1983 இலே தமிழில் வெளியிட்டார். நமது மாத்தளை வடிவேலனும் மலரன்பனும் சிறுகதையிற் செய்ததையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றுக்கு விண்ணப்பிக்குமாறு என்னையும் சொல்கிறார்கள். எந்த நாடு, எந்த முறை என்று யான் இன்னும் தீர்மானிக்கவில்லை. சென்ற விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாயி கேட்டார், "நீ படிக்கிற படிப்பு என்னடா தம்பி?" விளங்கப்படுத்த முயன்றேன். "ஒரு லயத்தில் யார் யார் இருக்கிறார்கள், எங்கேயிருந்து வந்தார்கள், யாருக்கு யார் உறவு என்று எழுதுகிற படிப்பு, அப்பாயி," என்றேன். "அதுக்கு ஏன் பள்ளிக்கூடம் போகணும்?" என்று சிரித்துவிட்டு, பழைய மேட்டு லயத்தின் முதற் காம்பராவிலிருந்து ஆரம்பித்தார். பன்னிரண்டு காம்பரா. எந்தக் கங்காணி கொண்டுவந்த குடும்பம், அக்கரையில் எந்த ஊர், யார் யாரைக் கட்டினார்கள், ஒப்பந்தத்திலே எந்த வீடு போயிற்று, எந்த வீடு நின்றது, 83 இல் யார் யார் காட்டிலே படுத்தார்கள் என்று நிறுத்தாமற் சொல்லிக்கொண்டு போனார். ஏழாவது காம்பரா வந்தபோதுதான் கொப்பியை எடுக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. "மறுபடி முதலிலிருந்து சொல்லுங்க, அப்பாயி," என்றேன்.