டாரிஸ் டியூக்

டாரிஸ் டியூக் (1941–2019) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநில சோல் இசை மரபைச் சேர்ந்த கறுப்பினப் பாடகி ஆவார். 1970இல் கேன்யன் நிறுவனம் வெளியிட்ட ‘ஐம் எ லூசர்’ என்னும் இசைத்தொகுப்பே அவர் பெயரை நிலைநிறுத்தியது. ‘தோற்றுப்போனவள் நான்’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட இத்தொகுப்பு, வெளிவந்த காலத்தில் பரவலான விற்பனையைப் பெறாமற்போயினும், பின்னர் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களிடையே தென்னக சோல் இசையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்பெற்றது.

இளமையும் பெயரும்

ஜார்ஜியா மாநிலத்தின் சாண்டர்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்த இவரது இயற்பெயர் டாரிஸ் கறி. கறுப்பினத் தேவாலயங்களில் வழங்கும் காஸ்பல் எனப்படும் பக்திப் பாடல் குழுக்களிலேயே இவரது குரல் பயிற்சி பெற்றது. ஓர் அசையைப் பல சுரங்களில் இழைத்து நீட்டுவதும், உணர்ச்சி மிகுமிடத்தில் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட தொனிக்கு மாறுவதும் அம்மரபு தந்த கொடைகளாகும். 1960களில் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் பிறர் பதிவுகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். டாரிஸ் வில்லிங்ஹாம் என்ற பெயரில் சில தனிப்பாடல் தட்டுகளை வெளியிட்டார். பாடகி நைனா சிமோனின் குழுவில் துணைப் பாடகியாக ஐரோப்பாவிலும் பாடினார். டாரிஸ் டியூக் என்ற மேடைப்பெயர் பின்னரே அமைந்தது. அப்பெயர் அக்காலத்தில் உலகறிந்த பெருஞ்செல்வரான புகையிலை நிறுவன வாரிசு ஒருவரின் பெயராகவும் இருந்தமையால், பாடகியைத் தேடுவோர் இன்றளவும் முதலில் அச்செல்வச் சீமாட்டியையே எதிர்கொள்கின்றனர்.

வகைப்பாடு

சோல் என்பது, தேவாலயப் பாடல் முறையும் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ எனப்படும் கறுப்பின நகர்ப்புற இசையும் 1950களில் கலந்ததனால் உருவான இசைவகை; ‘ஆன்மா’ எனப் பொருள்படும் சொல்லே அதன் பெயராயிற்று. இதனை ஆய்வாளர் புவியியல் அடிப்படையில் இரண்டாகப் பகுப்பர். வடக்கே டெட்ராய்ட் நகரில் 1959இல் தொடங்கப்பெற்ற மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்கள் மெருகும் துள்ளலும் மிக்கவை. தெற்கே மெம்பிஸ், மசில் ஷோல்ஸ், மேக்கன் முதலிய ஊர்களின் பதிவுக்கூடங்களில் பிறந்தவை, நிலையான ஒரு சிறு வாத்தியக்குழுவைக் கொண்டு, மெருகைவிட உணர்ச்சியின் நேர்மையை முதன்மையாகக் கொண்டு அமைந்தவை. தெற்கின் கூடங்களில் கறுப்பினப் பாடகர்களுக்கு வெள்ளையின வாத்தியக்காரர் வாசிப்பது வழக்கமாக இருந்தமையால், நாட்டுப்புற வெள்ளையினத்தாரின் கன்ட்ரி இசையின் சாயலும், துரோகம், மணமுறிவு, மறைவான உறவு ஆகிய அதன் பாடுபொருள்களும் தென்னக சோலில் இயல்பாகக் கலந்தன.

இவ்வகையின் மிக நுண்ணிய உட்பிரிவு ‘டீப் சோல்’, அதாவது ஆழ்ந்த சோல் ஆகும். மெதுவான காலப்பிரமாணமும், முதிர்ந்த வாழ்வின் துயரமும், தேவாலயத்தின் மன்றாட்டுத் தொனியும் இதன் இலக்கணங்கள். இப்பெயரை நிலைபெறச் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த இதழாளர் டேவ் காடின் (மறைவு 2004). ‘நார்தர்ன் சோல்’ என்ற சொல்லையும் அவரே ஆக்கினார். அச்சொல் அமெரிக்காவின் வடபகுதியைக் குறிப்பதன்று, வட இங்கிலாந்தின் நடன அரங்குகளில் விரும்பப்பட்ட விரைவான பாடல்களைக் குறிப்பது என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். ஆழ்ந்த சோலின் உச்சமாக காடின் போற்றியது ‘ஐம் எ லூசர்’ தொகுப்பையே.

தொகுப்பின் உருவாக்கம்

ஜெரி வில்லியம்ஸ் என்னும் இயற்பெயர் கொண்ட தயாரிப்பாளர் ஸ்வாம்ப் டாக், 1969இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரிலுள்ள கேப்ரிகார்ன் பதிவுக்கூடத்தில் இத்தொகுப்பைப் பதிவு செய்தார். பாடல்களிற் பலவற்றை அவரும், 1961இல் ‘குவார்ட்டர் டு த்ரீ’ பாடலால் புகழ்பெற்ற கேரி யூ.எஸ். பாண்ட்ஸும் இணைந்து இயற்றினர். பன்னிரண்டு பாடல்களும் தனித்தனியே இயற்றப்பட்டனவாயினும், கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வாழ்வைப் பல நிலைகளில் காட்டும் ஒரே கதையாக அவை அமைந்துள்ளன.

‘டு தி அதர் வுமன்’ என்ற பாடலின் நுட்பம் ‘மற்றொருத்தி’ என்னும் ஒரு சொல்லைப் பற்றியது. ஒரே ஆடவனோடு உறவு கொண்ட இரு பெண்களில் ஒவ்வொருத்திக்கும் எதிரே இருப்பவளே மற்றொருத்தி. ஆகவே பழிச்சொல்லாக வழங்கும் அச்சொல் பாடலில் இருவரையும் சுட்டி, பழியின் கூர்மையை இழந்துவிடுகிறது. ‘ஃபீட் ஸ்டார்ட் வாக்கிங்’ பாடலில், உறவை விட்டு நீங்க மனம் ஒப்பாத பெண், தன் கால்களை விளித்து நடக்கும்படி ஏவுகிறாள். ‘ஐ டோன்ட் கேர் எனிமோர்’, நாட்டுப்புறத்திலிருந்து நகரம் புகுந்து, உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட பெண்ணின் கூற்று. ‘டிவோர்ஸ் டிக்ரீ’ மணமுறிவுத் தீர்ப்பையே பாடுபொருளாகக் கொண்டது. இத்தகைய பொருள்களை அழுகையாக மலிந்துவிடாமல் காப்பது பாடகியின் குரற்கட்டுப்பாடே. தேவாலயத்தில் முழங்கப் பழகிய குரலை அவர் அடக்கியே வைத்திருந்து, தாங்க முடியாத சொல் வருமிடத்தில் மட்டும் கட்டவிழ்க்கிறார். தொகுப்பின் பெருமையைத் தயாரிப்பாளருக்கே உரியதாக்கும் எழுத்துகள் இவ்வுண்மையைப் போதுமான அளவு கருதவில்லை.

வரவேற்பு

‘டு தி அதர் வுமன்’ தனித்தட்டாக வெளிவந்து, 1970இல் பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் 7ஆம் இடத்தையும், பொதுத் தரவரிசையில் 50ஆம் இடத்தையும் எட்டியது. ‘ஃபீட் ஸ்டார்ட் வாக்கிங்’ முன்னதில் 36ஆம் இடம் பெற்றது. இவ்வெற்றி பெருகுவதற்குள் கேன்யன் நிறுவனம் நொடித்துப்போனது. தட்டுகளை அச்சிடவும் கடைகளுக்கு அனுப்பவும் நிறுவனம் இல்லாத நிலையில், பாடல் வானொலியில் ஒலித்தும் பயனில்லை. ‘ஐம் எ லூசர்’ மறக்கப்பட்டதற்குக் காரணம் இதுவேயன்றி, கேட்போரின் புறக்கணிப்பு அன்று.

பிற்காலம்

ஸ்வாம்ப் டாக் தயாரிப்பிலேயே 1971இல் மேன்கைண்ட் நிறுவனத்தின் வழியாக ‘எ லெஜண்ட் இன் ஹெர் ஓன் டைம்’ வெளிவந்தது. 1975இல் பிரித்தானியாவின் கான்டெம்போ நிறுவனம் ‘வுமன்’ தொகுப்பை வெளியிட்டது. பின்னர் அவர் இசையுலகிலிருந்து விலகினார். முதலிரு தொகுப்புகளையும் லண்டனின் கென்ட் நிறுவனம் 2005இல் ஒரே குறுந்தட்டாக மறுவெளியீடு செய்தது. டாரிஸ் டியூக் 2019இல் மறைந்தார்.