மூச்சு வாங்குது... கூடவே மனசும் பதறுதா?

சி.ஓ.பி.டி எனும் நாள்பட்ட நுரையீரல் நோய் சிகரெட்டால் மட்டும் வருவதில்லை. பல வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்த பாட்டிகளுக்கும் வரும். இன்ஹேலரைத் தவறாமல் எடுப்பாங்க. ஆனால் வாசலுக்கு வர்றதையே நிறுத்தியிருப்பாங்க. 'வயசாயிடுச்சு'ன்னு நாமும் விட்டுடுவோம். அது மனச்சோர்வாகவும் இருக்கலாம்!

மூச்சு வாங்கினால் பயம் வரும். பயந்தால் மூச்சு வேகமாகும். அப்போது காற்று முழுசா வெளியேறாமல் நுரையீரலிலேயே தேங்கி, திணறல் இன்னும் கூடும். பயந்துபோய் நடப்பதைக் குறைத்தால் தசைகள் பலவீனமாகும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

என்ன செய்யலாம்?

* திணறும்போது உட்கார்ந்து, சற்று முன்னால் சாயுங்க. மூக்கால் மூச்சை இழுத்து, விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரு மடங்கு நேரம் மெதுவா ஊதுங்க.

* சல்பூட்டமால் இன்ஹேலரால் படபடப்பு, கைநடுக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

* தூக்க மாத்திரையை நீங்களாகவே போடாதீங்க. சில வகைகள் சுவாசத்தை மந்தமாக்கும்.

* 'நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி' பற்றி டாக்டரிடம் கேளுங்க. மூச்சுக்கும் மனசுக்கும் சேர்த்தே பலன் தரும்.

* இரண்டு வாரத்துக்கு மேல் சோகம், எதிலும் ஆர்வமில்லையா? 'டெலி மானஸ்' 14416-க்கு எந்நேரமும் இலவசமா பேசலாம்.

* உதடு நீலமாகி, பேசவே முடியாத திணறல் என்றால் உடனே 108.

அடுத்த செக்கப்புக்குத் துணைக்குப் போறது நீங்கதானா? 'தாத்தா சரியா தூங்கறதில்லை, யார்கிட்டயும் பேசறதில்லை'ன்னு டாக்டரிடம் சொல்லிடுங்க. அதுவும் சிகிச்சைதான்.