ஆயாவின் கும்மி

எங்க ஊர் இரும்பை என்றால் பலருக்குச் சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில். எனக்கு ஆயாவின் பொங்கல் கும்மி. ஏட்டில் ஏறிய தேவாரம் ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிறது. கும்மி ஆயாவோடு போச்சு.

பாட்டைப் பிடித்து வைத்தவர்களும் உண்டு. மதுரையில் விஜயலட்சுமியும் கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி, தாங்களே மேடையிலும் பாடினார்கள். 2018இல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவில் ரூத் கிராஃபோர்டு சீகர் நாட்டுப்புறக் கிறிஸ்துமஸ் பாடல்களைத் தொகுத்து 1953இல் புத்தகமாக்கினார். அதே வருஷம் புற்றுநோயில் இறந்தார். 1989இல் அவருடைய பிள்ளைகள் மைக், பெக்கி, பென்னி மூவரும் குடும்பத்தோடு சேர்ந்து அவற்றைப் பாடிப் பதிவு செய்தார்கள். 36 வருஷம் கழித்தும் அம்மாவின் பாட்டு காகிதத்தில் காத்திருந்தது.

என் கையில் ஃபோன் இருந்தது. அதில் ஆயாவின் போட்டோ மட்டும்தான் இருக்கு. இந்தப் பொங்கலுக்கு அத்தையையும் அவங்க கூட்டாளிகளையும் உட்கார வைத்து, நினைவில் இருக்கிற வரிகளையாவது பாடச் சொல்லணும்.