இருந்த இடத்தில் இருந்த கல்

1859 ஏப்ரல் 27. பிரான்சின் வடக்கே, அமியான் நகரை ஒட்டிய செயின்ட் அஷுல் சரளைக் குழி. வெட்டிய மண்சுவரில் ஒரு சிக்கிமுக்கிக் கல்லின் விளிம்பு தெரிந்தது. யாரும் அவசரப்பட்டுப் பிடுங்கவில்லை. அங்கே வந்திருந்த இருவர் கையோடு ஒரு புகைப்படக்காரரையும் அழைத்து வந்திருந்தார்கள். அந்தப் படத்தில் ஒரு தொழிலாளி கல்லைச் சுட்டிக்காட்டியபடி நிற்கிறார். படம் பிடித்த பிறகுதான் கல் சுவரைவிட்டு வந்தது. மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி அது.

படம் எடுக்க வைத்த அந்த இருவரில் ஜோசப் பிரெஸ்ட்விச் ஒயின் வியாபாரி. ஜான் எவான்ஸ் காகித ஆலை நடத்தியவர். ஆதிமனிதனைத் தேடி மண்ணைத் தோண்டுவது அன்று இங்கிலாந்தில் பிழைப்புக்கான வேலை அல்ல. கடையையும் ஆலையையும் சில நாள் விட்டுவிட்டுத்தான் கடல் கடந்து வந்திருந்தார்கள்.

அவர்களை வரவழைத்தது, மனிதன் எவ்வளவு தொன்மையானவன் என்ற ஒரு பழைய சண்டை. உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று பேராயர் அஷர் போட்ட கணக்கைப் பலர் இன்னும் நம்பினார்கள். பக்கத்து ஊரான அப்வீலில் சுங்க அதிகாரியாக இருந்த பூஷே த பெர்த், அழிந்துபோன யானைகளின் எலும்போடு செதுக்கிய கற்களும் கிடைப்பதை 1840களிலேயே புத்தகமாக எழுதினார். பாரிஸ் அறிஞர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. கல் தானாகவே உடைந்தது என்றார் ஒருவர். மேலிருந்து விரிசல் வழியே இறங்கியது என்றார் இன்னொருவர். கூலியாட்களே செதுக்கிப் புதைத்தது என்றார் வேறொருவர். கடைசிச் சந்தேகம் வெறும் அவதூறல்ல. கல்லுக்குக் காசு என்று ஆனபின் போலிகளும் வந்தன. 1863இல் மூலான் கினியோனில் கிடைத்த தாடை எலும்பு பூஷே த பெர்த்தையே ஏமாற்றியது.

ஆகவே கல்லைவிடக் கல் இருந்த இடம்தான் சாட்சி. குலையாத சரளை அடுக்கு, அதில் பொதிந்த கல், பார்த்த கண்கள், ஒரு புகைப்படம். தொல்லியல் ஒரு தொழிலாக வளர்ந்தது இந்த ஒழுக்கத்தின் மேல்தான் என்பேன்.

மே 26 அன்று பிரெஸ்ட்விச் லண்டன் ராயல் சொசைட்டியில் சான்றுகளை முன்வைத்தார். ஊர் திரும்பிய எவான்ஸ் தொல்பொருள் சங்கத்தில் அதே மாதிரிக் கற்களைக் கண்டு திகைத்தார். ஹாக்ஸன் கிராமத்தில் கிடைத்தவை என்று 1797இலேயே ஜான் ஃப்ரியர் என்பவர் கடிதத்தோடு அனுப்பியவை அவை. அறுபது வருஷமாக யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. வங்கியாளர் ஜான் லப்பக் 1865இல் பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று பெயர் பிரித்தார். அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ராணுவ அதிகாரியாக இருந்த பிட் ரிவர்ஸ் தொன்மைச் சின்னங்களின் முதல் ஆய்வாளராக நியமிக்கப்பட்டார்.

செயின்ட் அஷுலில் எடுத்த அந்தக் கல் என்ன ஆயிற்று? 1896இல் பிரெஸ்ட்விச் இறந்தபின் அவருடைய சேகரிப்போடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய், ஆயிரம் கற்களுள் ஒன்றாகக் கிடந்தது. படம் எடுத்து நூற்றைம்பது ஆண்டு கழித்து, ஆய்வாளர்கள் கிளைவ் காம்பிளும் ராபர்ட் குருஷின்ஸ்கியும் தேடி எடுத்து, 2009இல் அறிவித்தார்கள். காட்டிக்கொடுத்தது, கல்லில் ஒட்டியிருந்த, இடமும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டு.

நம் பல்லாவரத்தில் கிடைத்த கற்கருவிக்கு, இருந்த இடத்திலேயே பார்க்கப்படும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1863 மே 30 அன்று புவியியல் துறை அலுவலர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அதைக் கண்டபோது, சரளைக்காகத் தோண்டிக் கொட்டிய மண்ணில் கிடந்தது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று கல்லைக் கேட்டு அறிய முடியாது. அவர் விடவில்லை. செப்டம்பர் 28 அன்று சக அலுவலர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் ஓடையை அடைந்து, அங்கும் கற்கருவிகளைக் கண்டார். அதே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பின்னாளில் அடுக்கடுக்காகத் தோண்டி, அங்குள்ள கருவிகளின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆகவே கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது தாழியோ செதுக்கிய கல்லோ தென்பட்டால், கடப்பாரையை நிறுத்துங்கள். எடுத்துக் கழுவி அலமாரியில் வைக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே செல்போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.