செயற்கைக்கோள் வழிச் சூரியக் கதிர்வீச்சு வரைபடம் (இந்தியா)

ஒரு தேசத்தின் ஒவ்வொரு பிரதேசத்தையும் வந்தடையும் சூரிய சக்தியின் சராசரி அளவை, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோவாட்-மணி என்று மாதவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் குறித்துக் காட்டும் படம் சூரியக் கதிர்வீச்சு வரைபடம் எனப்படும். வாயுமண்டலத்தின் மேல்விளிம்பில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட் வீதம் விழும் கதிர், மேகத்தாலும் தூசியாலும் நீராவியாலும் சிதறுண்டும் உறிஞ்சப்பட்டும் குறைந்தே நிலத்தை அடைகின்றது. அக்குறைவைக் கணிப்பதே இவ்வித்தையின் சாரம்.

வரலாறு: 1957-58 சர்வதேசப் புவிப் பௌதிக ஆண்டையொட்டி இந்திய வானிலை ஆய்வுத்துறை கதிர்வீச்சு அளவை நிலையங்களை நிறுவியபோது அப்பணியை முன்னின்று நடத்தியவர், பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்ற அன்னா மணி அவர்கள். நிலையங்கள் திரட்டிய தரவுகளை 1980-களின் தொடக்கத்தில் நூல்களாகத் தொகுத்தளித்த அவ்வம்மையாரின் உழைப்பே பின்வந்தோர்க்கு அஸ்திவாரமாயிற்று. எனினும், நிலையங்களுக்கு இடைப்பட்ட விசாலமான நிலப்பரப்பை ஊகத்தால் நிரப்ப வேண்டியிருந்த குறையைச் செயற்கைக்கோள்களே நீக்கின.

முறை: பூமத்திய ரேகைக்கு நேர்மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு இசைந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் மெட்டியோசாட், இன்சாட் முதலிய செயற்கைக்கோள்கள், பகல் முழுவதும் இந்நாட்டைப் படமெடுக்கின்றன; முன்பு கல்பனா-1 செயற்கைக்கோளும் இவ்வாறே படமெடுத்தது. மேகம் வெளிச்சத்தை மிகுதியாகப் பிரதிபலிப்பதால், ஓரிடம் தெளிந்த வானில் தோன்றும் பிரகாசத்தையும் குறித்த வேளையில் தோன்றும் பிரகாசத்தையும் ஒப்பிட்டு மேகத்தின் செறிவை அறிந்து, சூரியனின் கோணத்தையும் தூசி, நீராவி அளவுகளையும் சேர்த்து, தரையை அடையும் கதிரைக் கணிக்கின்றனர். அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்கூடம் இந்தியாவுக்காக 10 கிலோமீட்டர் நுட்பத்தில் இவ்வாறு வரைந்த படங்கள் பிரசித்தமானவை.

சரிபார்த்தல்: இமயத்தின் பனியை மேகமென்று மயங்குவதும், கங்கைச் சமவெளியின் தூசிப்படலத்தைக் குறைத்து மதிப்பதும் கணிப்பில் நேரக்கூடியவை, ஆதலின் தரையளவீடு இன்றியமையாதது. இதற்கென 2011-இல் முதற்கட்டமாக 51 தானியங்கி நிலையங்களை நிறுவியது, இன்று தேசியக் காற்றுசக்தி நிறுவனம் என வழங்கும் சென்னைப் பள்ளிக்கரணை ஸ்தாபனமாகும்.

பயன்: நாட்டின் பெரும்பகுதி நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 4 முதல் 7 கிலோவாட்-மணி பெறுகின்றது, தார்ப் பாலைவனமும் லடாக்கும் செழிப்பானவை, வடகிழக்கு குறைவானது. சூரியத் தகடுகளுக்கு மொத்தக் கதிரும், ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் நிலையங்களுக்கு நேர்க்கதிரும் தேவையாதலால் இரண்டும் தனித்தனியே வரையப்படுகின்றன. பருவமழையும் தூசியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுவதால், பல்லாண்டுத் தரவின்மேல் எழுந்த படமே, கால் நூற்றாண்டு இயங்கவேண்டிய மின்நிலையத்துக்கு இடம் தேர்வோர் நம்பத்தக்க பிரமாணமாகும்.